பிறந்த வீடு, புகுந்த வீடு: அயல்நாட்டில் அச்சடித்த நாணயங்களை எந்த வழியில் சேர்க்கலாம்?

நாணயத்தில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறதோ அந்த நாட்டில்தான் அது அச்சடிக்கப்பட்டது என்று நாம் பேசாமல் நம்பிவிடுகிறோம். ஆனால் ஆஸ்திரேலியாவின் பென்னி பம்பாயில் பிறந்திருக்கிறது, பெல்ஜியத்தின் 2 பிராங்க் பிலடெல்பியாவில், இந்தியாவின் ஒரு ரூபாய் மெக்சிகோவில், கிரேக்கத்தின் 2 யூரோ பின்லாந்தில். பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு வேறொன்று. இந்த மாதிரி நாணயங்களை மட்டும் தேடிச் சேர்ப்பது தனிப் பைத்தியம். எனக்கு அது பிடித்துப் பல வருடங்கள் ஆகின்றன.

இதில் இறங்கும் எல்லோரும் முதலில் தடுமாறும் இடம் ஒன்றுதான்: எதை வைத்து வகைப்படுத்துவது? அச்சடித்துக் கொடுத்த நாட்டை வைத்தா, வாங்கிக்கொண்ட நாட்டை வைத்தா, போர்க்காலம் போன்ற ஒரு காலகட்டத்தை வைத்தா, ஒரே ஒரு நாணய வகையை வைத்தா, இல்லை ஒரே ஒரு எழுத்தை வைத்தா? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கையைச் சுட்டுக்கொண்டு பார்த்தவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன். என் அளவுகோலையும் முன்பே சொல்லிவிடுகிறேன், அது பிடிக்காதவருக்கு மீதியும் பிடிக்காது. நாணயத்தைக் கையில் எடுத்தால் அது எங்கே பிறந்தது என்று அதுவே சொல்ல வேண்டும். ஒரு எழுத்தாக இருக்கலாம், ஒரு புள்ளியாக இருக்கலாம், உலோகமாகக்கூட இருக்கலாம், ஏதாவது ஒரு அடையாளம் வேண்டும். கேட்டலாக்கைப் புரட்டினால் மட்டுமே தெரியும் என்றால் நான் சேர்ப்பது நாணயத்தை அல்ல, கேட்டலாக்கில் இருக்கும் ஒரு வரியை.

முதலில், அச்சடித்த நாட்டை வைத்துச் சேர்ப்பது. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவைத்தான் பிடிப்பார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 1874 ஜனவரியில் வந்த ஒரு சட்டம் வெளிநாடுகளுக்கு நாணயம் அடித்துக் கொடுக்க அமெரிக்க நாணயச்சாலைகளுக்கு அனுமதி தந்தது, 1876 தேதியிட்ட வெனிசுவேலா நாணயங்கள் முதல் சரக்கு, அதற்குப் பிறகு 40க்கும் மேற்பட்ட நாடுகள். பட்டியலைப் பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறும்: 1883 தேதியிட்ட ஹவாய் வெள்ளி நாணயங்கள் (அப்போது ஹவாய் தனி ராஜ்யம், அடித்தது சான் பிரான்சிஸ்கோ), கியூபா, பெரு, எத்தியோப்பியா, லைபீரியா, பிலிப்பைன்ஸ். சவூதி அரேபியாவுக்கு எண்ணெய்ப் பணம் தங்கமாகவே கொடுக்க வேண்டியிருந்ததால் 1945-46இல் பிலடெல்பியாவில் அடித்த தங்க வட்டுகூட இதில் வரும். அதில் நாட்டின் பெயரும் இல்லை, மதிப்பும் இல்லை, ஒரு பக்கம் அமெரிக்கக் கழுகு, இன்னொரு பக்கம் மொத்த எடை, தூய்மை, நிகர எடை என்று மூன்று வரி. பார்ப்பதற்கு ரசீது மாதிரி இருக்கும்.

சிக்கல் என்னவென்றால் பிலடெல்பியா பெரும்பாலும் தன் எழுத்தைப் போடுவதில்லை. சான் பிரான்சிஸ்கோ 'எஸ்' போடும், டென்வர் 'டி' போடும், ஆனால் அதிகம் அடித்தது பிலடெல்பியா. அதனால் பெட்டி நிறைய நாணயம் சேர்ந்த பிறகும் யாராவது வந்து "இதில் அமெரிக்கா எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் புத்தகத்தைத்தான் நீட்ட வேண்டும். இரண்டு வருடத்தில் எனக்கு அலுத்துவிட்டது. பரப்பும் பெரிது, ஹவாய் டாலர் போன்ற விலையுள்ளவை வழியை மறித்துக்கொண்டு நிற்கும், முடிக்கவே முடியாது. முடிக்க முடியாதது சிலருக்குப் பிடிக்கும், அவர்கள் தாராளமாகப் போகலாம். பிலிப்பைன்ஸை மட்டும் எடுத்துக்கொள்வது நல்ல சமரசம்: 1903 முதல் 1919 வரை பிலடெல்பியாவும் சான் பிரான்சிஸ்கோவும் அடித்தன, 1920இல் மணிலாவிலேயே ஒரு கிளை திறந்தார்கள், போரின் கடைசியில் மறுபடியும் வேலை அமெரிக்க மண்ணுக்குப் போயிற்று. 1942இல் ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று கொரெஹிதோர் தீவுக்குப் பக்கத்தில் கடலில் கொட்டிய வெள்ளி பெசோக்கள் பின்னால் எடுக்கப்பட்டு, உப்பு அரித்த கறுத்த முகத்தோடு இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அழகாக இருக்காது. எனக்கு அது பிடிக்கும்.

பிரிட்டனை வைத்துச் சேர்க்க நினைப்பவருக்கு ஒரு செய்தி. வெளிநாடுகளுக்குப் புழக்க நாணயம் அடிக்கும் வேலையை நிறுத்துவதாக பிரிட்டனின் ராயல் மின்ட் 2024இல் அறிவித்தது, அந்த ஆண்டு முடிவோடு கடை மூடல். ஆக அந்தப் பட்டியலுக்கு ஒரு கடைசிப் பக்கம் வந்துவிட்டது. ஆனால் நீளத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும், அடையாளம் இல்லாதவையும் ஏராளம்.

அடுத்து, புகுந்த வீட்டை வைத்துச் சேர்ப்பது, அதாவது ஒரு நாடு வெளியே கொடுத்து வாங்கியவற்றை மட்டும். இதில் எவ்வளவு சுகம், எவ்வளவு கஷ்டம் என்பது முழுக்க நாட்டைப் பொறுத்தது. நியூசிலாந்துக்குச் சொந்தமாக நாணயச்சாலையே கிடையாது, ஆக அதன் நாணயம் எல்லாமே வெளியூர்ப் பிறப்பு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் லண்டனா கான்பெராவா ஒட்டாவாவா என்று நாணயம் பெரும்பாலும் வாய் திறக்காது. நேர் எதிர்முனையில் கிரேக்கம். 2002இல் யூரோ புழக்கத்துக்கு வரும் தேதி முன்பே குறித்தாகிவிட்டது, வேண்டிய எண்ணிக்கையை ஏதென்ஸ் தனியாக அடிக்க முடியாது, எனவே மற்ற நாடுகளிடம் பகிர்ந்து கொடுத்தார்கள். அந்த நாணயங்களில் விளிம்பை ஒட்டிய நட்சத்திரங்களில் ஒன்றுக்குள் குட்டி எழுத்து இருக்கும்: 20 சென்ட்டில் ஆங்கில 'இ' (E) என்றால் ஸ்பெயின், 1, 2 யூரோவில் 'எஸ்' என்றால் பின்லாந்து (அவர்கள் மொழியில் சுவோமி), மீதி ஐந்தில் 'எஃப்' என்றால் பிரான்ஸ். மொத்தம் எட்டே நாணயம். பக்கத்திலேயே எழுத்தில்லாத ஏதென்ஸ் நாணயத்தை வைத்துக் காட்டலாம். புதியவருக்கு, குழந்தைகளுக்கு, பொறுமை இல்லாதவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஒரே குறை, ஆரம்பித்த வேகத்தில் முடிந்துவிடும், அப்புறம் என்ன செய்வது?

இந்தியா இரண்டுக்கும் நடுவில். 1980களின் நடுவில் சில்லறைத் தட்டுப்பாடு கழுத்தை நெரித்தபோது வெளியே கொடுத்து அடித்து வாங்கினார்கள், 1990களின் இறுதியில் மறுபடியும். 1985 ஒரு ரூபாயில் 'எச்' இருந்தால் பர்மிங்காம். ஆண்டின் முதல் இலக்கத்துக்குக் கீழே சின்ன வைரம் இருந்தால் வேல்ஸில் உள்ள லான்ட்ரிசன்ட். 'சி' என்றால் கனடா. பிந்தைய சுற்றில் 'எம்'முக்கு மேலே குட்டி வட்டம் இருந்தால் மெக்சிகோ, முட்டை வட்டத்துக்குள் 'எம்' என்றால் பிரிட்டோரியா, 'எம்.கே.' என்றால் ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா, ருஷ்ய எழுத்தில் மூன்று எழுத்து என்றால் மாஸ்கோ. ஒரு நாட்டின் சாதாரணச் சில்லறைக்குள் இத்தனை ஊர். இங்கே அவசரக்காரருக்குப் பொறியும் இருக்கிறது. வைரம் பம்பாயின் சொந்த அடையாளமும்கூட, ஆனால் அது ஆண்டுக்கு நடுவில் உட்காரும். நட்சத்திரம் ஹைதராபாத்துக்கும் உண்டு, கொரியாவில் அடித்ததற்கும் உண்டு, எந்த இலக்கத்துக்குக் கீழே இருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். இந்தப் பழக்கம் ஒருமுறை கண்ணுக்கு வந்துவிட்டால் மற்ற எந்த நாட்டு நாணயத்துக்கும் உதவும், அதற்காகவே இதைப் பயிற்சிக் களமாகச் சொல்வேன். விலையும் கடிக்காது.

மூன்றாவது வழி இரண்டாம் உலகப் போர். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு நாணயத்துக்குப் பின்னாலும் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் போர்க்காலச் சில்லறைத் தேவை எகிறியது, உள்ளூர் ஆலைகளால் முடியவில்லை, எனவே வெள்ளி நாணயங்களுக்கு சான் பிரான்சிஸ்கோவும் டென்வரும், செம்புக் காசுகளுக்கு பம்பாயும் கை கொடுத்தன. 1942, 43 பென்னியில் அரசரின் தலைக்குக் கீழே ஆங்கில 'ஐ' (I) ஒரு சின்னக் கோடு மாதிரி நிற்கும், அதுதான் இந்தியா. ஃபிஜியின் கதை இன்னும் சுவையானது. அதுவரை ஃபிஜியின் வெள்ளி நாணயங்களில் பாதிதான் வெள்ளி, 50 சதவீதம். 1942, 43இல் சான் பிரான்சிஸ்கோ அடித்துக் கொடுத்தபோது அமெரிக்காவின் வழக்கமான 90 சதவீத வெள்ளியிலேயே அடித்துவிட்டது. புகுந்த வீட்டின் உடுப்பில் பிறந்த வீட்டின் ரத்தம் என்று சொல்லலாம். 'எஸ்' தேய்ந்து போயிருந்தாலும் உலோகம் காட்டிக்கொடுக்கும்.

நெதர்லாந்து ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது அதன் கடல்கடந்த பகுதிகளுக்கு நாணயம் வேண்டியிருந்தது, அமெரிக்காவில் அடித்தார்கள், அவற்றில் நாணயச்சாலை எழுத்தோடு ஒரு குட்டிப் பனைமரமும் இருக்கும். தாய்நாடு விடுதலையாகும்போது வேண்டும் என்று முன்கூட்டியே அடித்து வைத்த 1944, 45 காசுகளில் பனைக்குப் பதில் ஓக் மரக் கொட்டை. சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிய குறி, ஆனால் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

அப்புறம் பெல்ஜியத்தின் 1944 தேதியிட்ட 2 பிராங்க். செம்பு வெடிமருந்துத் தொழிலுக்குத் தேவைப்பட்டதால் 1943இல் அமெரிக்கா தன் ஒரு சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. மக்களுக்குப் பிடிக்கவில்லை, ஒரே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். மிச்சம் கிடந்த வெற்றுத் தகடுகளை என்ன செய்வது? விடுதலையான பெல்ஜியத்துக்கு 2.5 கோடி நாணயமாக அடித்து அனுப்பினார்கள். அதில் எந்த எழுத்தும் இல்லைதான், என் அளவுகோல்படி நியாயமாக அது தோற்க வேண்டும். ஆனால் 1943 எஃகு சென்ட் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், அளவு அதே, எடை அதே, சாம்பல் நிறம் அதே, துருப்பிடிக்கும் விதம்கூட அதே. கூடப் பிறந்தவை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விலையும் மலிவு. துரு மட்டும் கவனம், ஈரம் படாமல் வைக்க வேண்டும், மென்மையான பிளாஸ்டிக் உறைகள் வேண்டவே வேண்டாம்.

நான்காவது, ஒரே நாணயம், பல பிறந்த வீடுகள்: மரியா தெரசா தாலர். ஆஸ்திரிய அரசி 1780 நவம்பரில் இறந்தார், நாணயத்தில் தேதி அப்படியே 1780இல் உறைந்து நின்றுவிட்டது. செங்கடலின் இரு கரைகளிலும், எத்தியோப்பியாவிலும் அரேபியாவிலும், ஜனங்கள் இந்த முகத்தைத்தான் நம்பினார்கள், வேறு வெள்ளியைக் கொடுத்தால் முகம் சுளித்தார்கள். எனவே தேதியை மாற்றாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள், வியன்னா இன்றும் அடிக்கிறது. 28 கிராம் சொச்சம், ஆறில் ஐந்து பங்கு வெள்ளி. எத்தியோப்பியா மீது படையெடுக்கவிருந்த முசோலினியின் அரசு 1935இல் வியன்னாவிடமிருந்து அச்சை வாங்கிக்கொண்டது, ரோம் அடிக்கத் தொடங்கியது, உடனே அந்தப் பக்கம் வியாபாரம் உள்ள மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை, லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பிறகு பம்பாய், பர்மிங்காம். எல்லாவற்றிலும் அதே அரசி, அதே தேதி.

கதை என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் சேகரிப்பாக? கழுத்தருகே உள்ள நகையில் எத்தனை முத்து, கழுகின் வால் இறகு எப்படி விரிகிறது, தேதிக்குப் பின்னால் உள்ள குறுக்குச் சிலுவை எப்படி இருக்கிறது, விளிம்பில் உள்ள எழுத்துக்கு நடுவில் வரும் அலங்காரம் என்ன என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். நல்ல நிலையில் உள்ள நாணயம் வேண்டும், ஒப்பிட உறுதியான மாதிரி வேண்டும், எல்லாவற்றையும்விட வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். நான் ஒருமுறை "பம்பாய்" என்று சீட்டு ஒட்டிய ஒன்றை அதிக விலை கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து முத்தை எண்ணி, மறுபடி எண்ணி, கடைசியில் அது சாதாரண வியன்னா மறு அச்சு என்று ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது. சீட்டை நம்பினேன், நாணயத்தைப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. அழகுக்காக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் ஐந்து வருடத்துக்கு இதையே வழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிரிட்டிஷ் வர்த்தக டாலரும் இதே குடும்பம், 1895 முதல் 1935 வரை, பெரும்பாலும் பம்பாயில் அடித்து ஹாங்காங்குக்கும் மலாய்க் கரைக்கும் சீனத் துறைமுகங்களுக்கும் போனது. நாணயத்தில் நிற்கும் பிரிட்டானியாவின் கையிலுள்ள திரிசூலத்தின் நடு முனையில் குட்டி 'பி' (B) இருந்தால் பம்பாய், எனவே இது வாய் திறக்கும் நாணயம்தான். ஆனால் போலிகள் குவிந்து கிடக்கின்றன. எடை 27 கிராமுக்கு மிக அருகில் இருக்க வேண்டும், காந்தம் ஒட்டக்கூடாது. இந்த இரண்டு சோதனையும் செய்யவிடாத வியாபாரியிடம் வாங்காமல் எழுந்து வந்துவிடலாம்.

கடைசியாக, ஒரே எழுத்து. 1850இல் பர்மிங்காமில் பழைய சோஹோ நாணயச்சாலையின் இயந்திரங்கள் ஏலத்துக்கு வந்தபோது இரண்டாம் ரால்ஃப் ஹீட்டன் அவற்றை வாங்கினார். அது அரசாங்கச் சாலை அல்ல, தனியார் பட்டறை. அங்கிருந்து போன நாணயங்களில் 'எச்' நிற்கும்: 1876 கனடா சென்ட், 1872 ஹாங்காங் காசுகள், சரவாக், குவாத்தமாலா, பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவின் ஓட்டைக் காசுகள். 1867 ருமேனியக் காசுகளில் எழுத்தல்ல, ஹீட்டன் என்று பெயரையே முழுதாகப் போட்டிருப்பார்கள். லண்டனுக்கே வேலை அதிகமானபோது பிரிட்டனின் சொந்தப் பென்னியும் இங்கே அடிக்கப்பட்டு 'எச்' வாங்கியிருக்கிறது. மேலே சொன்னேனே 1985 இந்திய ஒரு ரூபாய், அதில் உள்ளதும் இதே எழுத்துதான். 2003இல் பட்டறை மூடப்பட்டது. ஆக, தொடக்கமும் முடிவும் உண்டு, கண்டங்கள் எல்லாம் உண்டு, அடையாளம் வெறும் கண்ணுக்கே தெரியும், பெரும்பாலானவை செம்பும் நிக்கலுமான சில்லறை என்பதால் பணப்பைக்கும் பெரிய அடி இல்லை. கனடாவின் 1890 ஐம்பது சென்ட் போன்ற சில மட்டும் எட்டாக்கனி, அவற்றை விட்டுவிட்டும் நிம்மதியாகத் தூங்கலாம்.

இதற்குள்ளேயே ஒரு சின்னக் கிளை உண்டு. 1936இல் எட்டாம் எட்வர்ட் ஒரு வருடம்கூட அரியணையில் இல்லாமல் டிசம்பரில் பதவி துறந்தார், அவர் முகம் போட்ட நாணயம் பிரிட்டனில் புழக்கத்துக்கு வரவேயில்லை. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, ஃபிஜி, நியூ கினி ஆகியவற்றின் ஓட்டைக் காசுகளில் முகம் தேவையில்லை, பெயர் போதும், அதனால் அவை வெளியே வந்துவிட்டன. லண்டனில் அடித்தது, 'எச்', பர்மிங்காமின் இன்னொரு தனியார் பட்டறையான கிங்ஸ் நார்ட்டனின் 'கே.என்.', நியூ கினிக்கு மெல்போர்ன் என்று பிறந்த வீடும் கூடவே மாறும். ஒரு தீப்பெட்டியில் அடங்கும் சேகரிப்பு.

இரண்டு வீட்டு அச்சும் கலந்துபோன நாணயங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தத் துறைக்காரர்கள் அடிக்க வருவார்கள். மியூல் என்பார்கள், கோவேறு கழுதை. ஒரே கூரையின் கீழ் பல நாடுகளின் அச்சு இருந்தால் ஒருநாள் கை மாறத்தானே செய்யும்? 1916இல் கல்கத்தா ஆஸ்திரேலியாவின் அரைப் பென்னியை அடித்தபோது தலைப்பக்கத்துக்கு இந்திய கால் அணாவின் அச்சு ஏறிவிட்டது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, யாரும் கவனிக்கவில்லை. அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் கிடைத்திருக்கின்றன, நமக்கு அது படத்தில் பார்க்க மட்டும். ஆனால் 1967இல் லண்டனில் நியூசிலாந்தின் 2 சென்ட்டுக்கு பஹாமாஸின் தலைப்பக்கம் விழுந்தது, இது நிறையவே வெளியே போனது, முயன்றால் கிடைக்கும். ஒரு பக்கம் பஹாமா தீவுகள், மறு பக்கம் நியூசிலாந்தின் கோவாய் மலர், ஆண்டே கிடையாது, ஏனென்றால் நியூசிலாந்து ஆண்டைத் தலைப்பக்கத்தில்தான் போட்டுவந்தது. வாய் திறக்காத நாடு என்று நியூசிலாந்தைச் சொன்னேன் அல்லவா, இந்த ஒன்று மட்டும் கத்திச் சொல்லும்.

சரி, எதை எடுப்பது? வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் உண்டு என்பவர் கிரேக்கத்தின் எட்டை முடித்துவிட்டு இந்திய அடையாளங்களுக்குப் போகட்டும். வரலாறு படிக்கப் பிடித்தவருக்குப் போர்க்காலம், அதில் யோசிக்கவே வேண்டாம். ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு இருபது வருடம் போக ஆசைப்படுபவருக்கு 'எச்'. நான் இப்போது இருப்பது அங்கேதான், போர்க்காலம் பக்கவாட்டில். அமெரிக்கப் பட்டியலை முழுதாகத் துரத்த வேண்டாம், தாலரை அவசரப்பட்டுத் தொட வேண்டாம்.

என் அளவுகோலைக் கடைசிவரை சோதிக்கும் நாணயம் ஒன்று உண்டு, கனடாவின் 1968 பத்து சென்ட். வெள்ளியிலிருந்து நிக்கலுக்கு மாறும் நேரத்தில் ஒட்டாவாவுக்குக் கை போதவில்லை, 8.5 கோடியைப் பிலடெல்பியா அடித்துக் கொடுத்தது. எழுத்து இல்லை, புள்ளி இல்லை, உலோகமும் அதே. விளிம்பு வரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் மட்டும் ஒட்டாவாவில் கூராக இறங்கும், பிலடெல்பியாவில் அடி தட்டையாக இருக்கும். என்னிடம் பதினொன்று இருக்கின்றன. ஆறு ஒட்டாவா, நான்கு பிலடெல்பியா, ஒன்றின் விளிம்பு தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, அதைத் தனி உறையில் போட்டு மேலே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.